பேசாத ஆன்டி

கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. வெளியே நடைவழியில், பாலர்பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில், முட்டி தாடையில் இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு தாயும் மகளும் தரையில் பாம்பும் ஏணியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறக்கக் கூடாது.

எங்கள் ஆலோசனை நிலையம் போல பிரிக்பீல்ட்ஸில் மாடியறை வாடகைக்கு எடுத்தால் அமைதி அதில் சேர்த்தி இல்லை. கீழே கேசட் காலத்திலிருந்து இருக்கும் கடையில் பாட்டு அலறியது. பூக்கடை அண்ணன், "பாஸ், காடிய எடுங்க பாஸ்" என்று கடையை மறித்து நின்ற காரைக் காட்டி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். மல்லிகை வாசனையும் வடை பொரியும் வாசனையும் ஒன்றாகப் படியேறி வந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே பகடை உருளும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு குரல்.

"ம்மா, நீங்க பாம்புலா. கீழ வாங்க."

ஏழு வயதுக் குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதிகாரம். பல வாரங்களாக அந்தப் பிள்ளையைப் பார்த்து வந்திருக்கிறேன். அதுவரை அவளிடமிருந்து ஒரு தும்மல் சத்தம்கூட என் காதில் விழுந்ததில்லை.

எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் மாணவியான கதையை எழுதியிருந்தேன். செமினியிலிருந்து ஒரு வாசகி போன் செய்து, "அதெல்லாம் சரிலா. பிள்ளைங்க மனசப் பாக்குற படிப்புன்னு சொல்றீங்க, அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். பேசாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஒரே வரியில் எதையும் சொல்லி முடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

வாய்க்கு ரோட் டேக்ஸ்

நான் பேச்சுக்காரி. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபது வருஷத்துக்குக் கிட்ட வேலை செய்தேன். வேலை என்றால் போன்தான். லோரி எங்கே, கொள்கலன் எங்கே, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி எங்கே என்று காலை முதல் மாலை வரை மூன்று மொழியிலும் கத்த வேண்டும். எதிர்முனையில் ஒருவர் இரண்டு விநாடி சும்மா இருந்தால் லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே "ஹலோ, ஹலோ" என்று அந்த இடைவெளியை நான் நிரப்பியாக வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் மருமகள் எந்த ஊர் என்பது வரை எனக்குத் தெரிந்துவிடும். "உன் வாய்க்கு ரோட் டேக்ஸ் கட்டச் சொன்னா நம்ம வீட்ட வித்திருக்கணும்" என்பார் என் கணவர். அவர் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். ரோட் டேக்ஸ் வலி தெரிந்தவர்.

பெட்டாலிங் ஜெயாவில் மாலை வகுப்பில் சேர்ந்தபோது இந்த வாய்தான் என் பலம் என்று நம்பினேன். பிள்ளைகளிடம் கலகலப்பாகப் பேசத் தெரியும், வேறென்ன வேண்டும்? எழுத்துப் பரீட்சை வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை. அதன்பிறகு பயிற்சிக் காலம் ஆரம்பமானது. அதில் உண்மையான பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அம்மா அப்பாவின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், பதிவை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

என் மேற்பார்வையாளர் கிரேஸ். ரயில்வே குடும்பத்துப் பெண், மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் அவரை "மிஸ்" என்பேன், அவர் என்னை "அக்கா" என்பார். அக்கா என்று கூப்பிட்டபடியே ஒருவரை இவ்வளவு கண்டிக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

முதல் பதிவைப் போட்டார். கேட்டோம். என் குரல். இன்னும் கேட்டோம். இன்னும் என் குரல். நிறுத்தினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளை எங்க?"

"இருந்துச்சே மிஸ். எதிர்லதான் உக்காந்திருந்துச்சு."

"எனக்குக் கேக்கலயே."

அன்று ரயிலில் யாருடைய மருமகளைப் பற்றியும் நான் விசாரிக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் கிரேஸ் எனக்கு யாஷினியைக் கொடுத்தார். பேசவே பேசாத பிள்ளையை, பேச்சை நிறுத்தத் தெரியாத பொம்பளையிடம். வேண்டுமென்றேதான் கொடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தொண்டையில் ஒரு கதவு

யாஷினி என்பது உண்மைப் பெயர் இல்லை. அவள் அம்மா ரேவதி என்பதும் அப்படியே. அந்த அம்மாவிடம் கேட்டு, இங்கே எழுதப்போவதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீடு. வீட்டுக்குள் யாஷினி வாயாடி. வாசலைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். பள்ளி, கடை, கோயில், மாமா வீடு, எங்கேயும் ஒரு சொல் வராது. இதற்குப் பாடப்புத்தகத்தில் நீளமான பெயர் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். பிடிவாதம் இல்லை, திமிர் இல்லை, மந்தமும் இல்லை. பயம் வந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. பேச வேண்டும் என்று பிள்ளைக்கும் ஆசைதான், குரல்தான் வருவதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நம் வீடுகளில் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். விருந்தாளி வந்தால் பிள்ளையை முன்னால் தள்ளுவோம். "பேரு சொல்லு. எந்த ஸ்கூல் சொல்லு. ஆன்டிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு." பேசுகிற பிள்ளைக்கு அது விளையாட்டு. யாஷினிக்கு ஒவ்வொரு கேள்வியும் கதவில் இன்னொரு தாழ்ப்பாள்.

முதலாம் ஆண்டு தொடங்கி மாதக்கணக்காகியும் அவள் வாசித்து ஆசிரியர் கேட்டதில்லை. வாசிப்பைக் கேட்காமல் எப்படி மதிப்பிடுவது? ஆண்டு முடிவதற்குள் ஒரு கூட்டம் போட்டு, அவளைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றுவதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த வகுப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. யாஷினிக்கு அது தேவையில்லை. வீட்டில் அண்ணனின் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தை வாசித்துப் பிழை கண்டுபிடிக்கிறவள் அவள். ஆனால் அதை நம்ப அவள் அம்மாவின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் யாரிடமும் இல்லை.

அதனால்தான் அந்த நடைவழி நாற்காலி. தாயும் மகளும் மட்டும் ஓர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுவார்கள். குரல் வந்தபிறகு கதவு கொஞ்சம் திறக்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பிறகு நான் வாசலில். பிறகு அறைக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு. கேள்வி கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது. குரல் வந்தாலும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

"சந்தோஷத்தக் காட்டாதீங்கக்கா. அவ பேசுனது பெரிய விஷயம்னு நாம காட்டுனா, அடுத்த வாட்டி பேசுறதும் அவளுக்குப் பெரிய விஷயமாயிரும்" என்றார் கிரேஸ்.

என் முதுகு நெளிந்தது, நாக்கு துடித்தது. ஆனாலும் இருந்தேன். கடைசியில் ஒருநாள் பாய் ஓரத்தில் எனக்கும் ஒரு காய் கிடைத்தது. நீலக் காய். அவள் மூச்சை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்ததில் நான் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, பாம்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

"ம்மா, ஆன்டி ஏமாத்துறாங்க" என்றாள் அம்மா காதில். எனக்கும் கேட்கும்படியான இரகசியம்.

நான் காயைக் கீழே இறக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலே, "ஆன்டி, உங்க டர்ன்" என்றாள்.

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினேன். அவர்கள் கிளம்பிப் போனபிறகு கழிவறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதேன்.

அங்பாவ்

தீபாவளி வந்தது. ரேவதி வீட்டில், யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்கிற திறந்த இல்ல விருந்து. "மிஸ், நீங்க கண்டிப்பா வரணும். பக்கத்துலதான இருக்கீங்க" என்றார். பயிற்சியில் இருப்பவர் தன்னிடம் வரும் குடும்பத்தின் விருந்துக்குப் போகக் கூடாது. மலேசியாவில் பிறந்து வளர்ந்த ஒருத்தி தீபாவளி அழைப்பை மறுப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தயங்கித் தயங்கி மறுத்தேன். ரேவதியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டார், அதை நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து தின்றோம்.

விருந்தன்று நடந்ததை ரேவதி பிறகு சொன்னார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். யாஷினி புதுப் பாவாடையோடு அண்ணன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதைப் பார்த்த ஒரு சின்னம்மா, "ஏய், பிள்ள பேசுதே!" என்றார். ரேவதிக்குத் தாங்கவில்லை. "ஆமா, பேச ஆரம்பிச்சிட்டா! வெளியிலயும் பேசுறா!" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மாமா ஒருவர் பெருநாள் காசு வைத்த அங்பாவ் உறையை எடுத்து அவள் தலைக்கு மேல் ஆட்டினார். "ஹேப்பி தீபாவளி மாமான்னு சொல்லு, இந்தா." இன்னொருவர் இரண்டு உறையை எடுத்தார். யாரோ போனைத் தூக்கி வீடியோ பிடித்தார்கள். எல்லோருக்கும் அன்புதான். அந்த வீட்டில் கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவரும் இல்லை. யாஷினி அறைக்குள் ஓடி, கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டாள். உறைகள் மேசையிலேயே கிடந்தன.

அடுத்த முறை வந்தபோது அம்மாவின் சால்வைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் மறுபடியும் நடைவழிக்குப் போனேன். கதவைச் சாத்தியும் உள்ளே பகடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நேரம் முடிந்ததும் ரேவதி என் எதிரில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"நாந்தான் மிஸ் கெடுத்துட்டேன்."

என்னிடம் ஆறுதல் வார்த்தைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒன்றையும் அவிழ்க்கவில்லை. காத்திருந்தேன். சற்று நேரத்தில் அவரே பேசினார்.

"எங்க போனாலும் பிள்ளைக்கு என்ன கோளாறுன்னுதான் மிஸ் கேப்பாங்க. எனக்கு வளக்கத் தெரியலன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ஒருநாளாச்சும் தலை நிமிந்து சொல்லிக்கணும்னு தோணுச்சு. அதான்."

"நீங்க சந்தோஷப்பட்டீங்க. அதுல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன். "மறுபடி கதவுலேருந்து ஆரம்பிப்போம்."

பழைய நான் இருந்திருந்தால் அந்த இடைவெளியை "ஹலோ, ஹலோ" என்று நிரப்பியிருப்பேன், ரேவதி சொல்ல வந்ததைச் சொல்லாமலே படியிறங்கியிருப்பார். அன்று அந்த அம்மா என்னை நம்பி மனதைத் திறந்தார். அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டீச்சரா, தூணா?

யாஷினியின் குரல் மறுபடி எங்கள் அறைக்குத் திரும்பியபோது பள்ளிக் கூட்டத்துக்குச் சில வாரங்களே இருந்தன. பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு பேசினால் மட்டும் போதாது, வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும். "நாம அவளை இங்க கூட்டிட்டு வந்தது போதும்கா. நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றார் கிரேஸ்.

வகுப்பாசிரியர் மாலதி டீச்சர். அவர் வகுப்பில் பாடம் நடத்தினால் சிற்றுண்டிச்சாலைக்கு எழுத்துப்பிழை இல்லாமல் கேட்கும். பார்த்த உடனே எனக்கு அவரைப் பிடித்துப்போனது, சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி. செய்ய வேண்டியதைச் சொன்னேன். கேள்வி வேண்டாம். முகம் பார்க்க வேண்டாம். பேசினால் பாராட்டக் கூடாது, கைதட்டக் கூடாது.

"அப்ப நான் டீச்சரா, தூணா?" என்றார்.

"கொஞ்ச நாளைக்குத் தூண்தான் டீச்சர்."

சிரித்துவிட்டார். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய மதிய நேரத்தை, பசியோடு, எங்களுக்காகக் கொடுத்தார். காலி வகுப்பறை. கறக் கறக் என்று சுழலும் விசிறி. ஈரத் தரையில் சோப்பு வாசனை. தாயும் மகளும் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து விளையாட, நான் பக்கத்தில் நீலக் காயோடு இருப்பேன். மாலதி டீச்சர் முதலில் வெளியே வராந்தாவில் பயிற்சிப் புத்தகம் திருத்தினார். பிறகு வாசல் பக்க மேசையில். பிறகு நடு வரிசையில். யாஷினியின் குரல் முதலில் வரவில்லை. ஒருநாள் முணுமுணுப்பாக வந்தது. பிறகு அம்மாவோடு மட்டும் பேச்சாக வந்தது. டீச்சர் திருத்திய பக்கத்தையே மறுபடி மறுபடி திருத்திக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், "நானும் ஒரு காய் வைக்கிறேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சிவப்புக் காய். யாஷினி அம்மாவிடம் ஒண்டிக்கொள்ளவில்லை.

சில சுற்றுகள் போயின. டீச்சரின் காய் நேராகப் பெரிய பாம்பின் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் கவனிக்கவில்லை. நடிப்பு இல்லை, நிஜமாகவே கவனிக்கவில்லை, ஓரக்கண்ணால் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பகடையை ரேவதியிடம் நீட்டினார்.

யாஷினி காயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினாள். நான் என் நீலக் காயை வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பதுபோல ஆராய்ந்துகொண்டிருந்தேன். நியாயம் கேட்க அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

"டீச்சர்."

விசிறி சுழன்றது.

"டீச்சர், பாம்பு. கீழ போகணும்."

"ஓ, ஆமா" என்றார் மாலதி டீச்சர். அந்தப் பள்ளிக்கூடமே அவரிடம் கேட்டிராத சின்னக் குரல். காயை நகர்த்தினார். அவசரத்தில் காய் கைநழுவி உருண்டது. யாஷினி அதை எடுத்து, பாம்பின் வால் முடிகிற கட்டத்தில் வைத்து, "இங்க" என்றாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் "வெரி குட்" சொல்லவில்லை. மூன்று பெரியவர்கள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். கடைசியில் யாஷினிதான் ஜெயித்தாள்.

அந்த வாரத்திலேயே டீச்சரின் மேசையோரம் நின்று, விசிறிச் சத்தத்துக்குள் காது கொடுத்தால் கேட்கிற அளவில், ஒரு பக்கம் வாசித்தாள். கூட்டத்தன்று நானும் ரேவதியும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தது. ஆனால் மாலதி டீச்சருக்குக் கதவு ஒரு பொருட்டில்லையே.

"அந்தப் பிள்ள என் வகுப்புலதான் இருப்பா சார்! நான் கேட்டேன், நல்லா வாசிக்கிறா சார்!"

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் அன்று எங்களுக்குத் தேவாமிர்தமாக இருந்தது. யாஷினி அதே வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டாம் ஆண்டுக்குப் போனாள்.

சத்தமில்லாத தேங்காய்

பிள்ளை பள்ளியில் பேசினால் கிள்ளானில் ஒரு கோயிலில் தேங்காய் உடைப்பதாக ரேவதி வேண்டியிருந்தார். அங்பாவ் நாளின் சூடு ஆறவில்லை. "மிஸ், உடைக்கலாமா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் கிரேஸிடம் கேட்டேன். "அக்கா, போயும் போயும் மெதடிஸ்ட் கிட்ட வந்து இதைக் கேக்குறீங்களே" என்று சிரித்துவிட்டு, "சாமிகிட்டச் சொல்லலாம், சொந்தக்காரங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். பிள்ளை பள்ளியில் இருந்த நேரத்தில், யாருக்கும் சொல்லாமல், ரேவதி தனியாகப் போய் உடைத்துவிட்டு வந்தார். பிரசாதமாக ஒரு மூடி எனக்கும் வந்தது. சட்னி அரைத்தோம்.

இப்போது நான் தேறிவிட்டேன். என்னிடம் வரும் பிள்ளைகள் நிறைய. ஆனால் யாரைப் பார்த்து இந்த வேலையைக் கற்றேன் என்று யாராவது கேட்டால், பட்டம் கொடுத்த இடத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கண்டிப்பான இளம் பெண், ஒரு தாய், ஒரு சத்தக்கார டீச்சர், ஒரு ஏழு வயதுப் பிள்ளை, இவர்கள் முகம்தான் வரும். இவர்களுக்கு நேரில் முழுசாக நன்றி சொன்னதில்லை. இந்த வாரம் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக யாஷினி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். விளையாடி முடித்து, வாசலில் உட்கார்ந்து காலுக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தாள். "ஆன்டிக்கு பாய் சொல்லு" என்று ரேவதி சொல்லவில்லை. அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். நான் நடைவழி நாற்காலியில் என் வழக்கப்படி சும்மா இருந்தேன்.

சப்பாத்தின் ஒட்டுப்பட்டையை அழுத்திவிட்டு, நிமிர்ந்து, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆன்டி, உங்களுக்குப் பேச வராதா?"

என்னிடம்! துறைமுகத்து லோரிக்காரர்கள் கேட்டிருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பார்கள். ரேவதி பதறி, "யாஷினி!" என்றார். அந்தப் பிள்ளை கேலி செய்யவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டாள்.

"கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன்.

யோசித்தாள். எழுந்து வந்து என் முட்டியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பரவால்ல ஆன்டி, பயப்படாதீங்க. யாரும் கேக்காம இருந்தா, தானா வந்துரும்."

கீழே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.